லேப்ஸ் என்ற சொல்லுக்கு அப்பா சொன்ன அர்த்தம்

காலை நடை முடிந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்ததும் நம் கூட்டத்தில் யாராவது ஒருவர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டுகிறீர்கள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் எனக்கு இந்த மரியாதை. போன வாரம் கோ-பே என்றால் என்னவென்று கேட்டீர்கள். ஆஸ்பத்திரி பில்லில் ஒரு பங்கை நாமே கையிலிருந்து கட்ட வேண்டும், மிச்சத்தைத்தான் கம்பெனி கட்டும், அவ்வளவுதான் என்றேன். அதற்கு முன்னால் நாமினி. பேங்க் டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் கை மட்டுமே, வாரிசுகளுக்குச் சேர வேண்டியதை அவர் சேர்க்க வேண்டும் என்று சொன்னபோது உங்களில் பலர் திகைத்துப் போனீர்கள்.

நேற்று ஒருவர், வெளியூரில் இருக்கும் தன் தம்பியின் பாலிசி லேப்ஸ் ஆகிவிட்டது, அதைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபமில்லை. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் என்னால் பெஞ்சில் உட்கார்ந்து சட்டென்று அர்த்தம் சொல்லிவிட முடியாது. என் சின்ன வயதில், ஒரு மழைக்காலத்தில், அந்தச் சொல்லுக்கு ஒருவர் சட்டென்று அர்த்தம் சொன்னார். அதனால் என்ன நடந்தது என்று எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு அந்தத் தம்பிக்குப் போன் போடுங்கள்.

அப்போது நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில், ஏரிக்குப் போகும் வழியில், ஓர் ஓட்டு வீட்டின் முன்பகுதியில் குடியிருந்தோம். வீட்டுக்காரர்கள் அந்த ஊரின் பூர்வீகக் குடும்பம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம் அவர்களுடையது. நான் விவரம் தெரிந்து பார்க்கும்போதே அந்த வயல்களில் கல் நட்டு, சுண்ணாம்பு போட்டு மனை பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தெருமுனையில் சொந்த வீட்டில் இருந்தார். தம்பி லாரி டிரைவர். திரிசூலம் பக்கத்துக் கல்குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிக்கொண்டு கட்டடம் எழும்பும் இடங்களுக்கெல்லாம் போவார். அவரும் அவர் மனைவியும் மகளும் எங்கள் வீட்டின் பின்பகுதியில் இருந்தார்கள். அந்த மகளும் நானும் ஒரே வகுப்பு. அவளுடைய அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

சாயங்காலம் லாரிக்காரர் வந்து இறங்கும்போது அவருடைய புருவமும் கண் இமையும் வெள்ளையாக இருக்கும். கிணற்றடியில் அவர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள, கல்தூசி கரைந்து பால் போல ஓடும். நாங்கள் இருவரும் அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே விரலால் அணை கட்டுவோம். தேய்ந்துபோன பேரிங்கை உடைத்து உள்ளே இருக்கும் இரும்புக் குண்டுகளை மகளுக்குக் கொண்டுவந்து தருவார். தெருவில் வேறு யாரிடமும் அப்படிக் குண்டு கிடையாது. கண்ணாடிக் கோலிகளை அது ஒரே அடியில் சிதறடித்துவிடும். என் தோழி அதைக் கையில் உருட்டிக்கொண்டே கணக்குப் போடுவாள். நான் நோட்டில் எழுதி முடிப்பதற்குள் அவள் வாயால் விடை சொல்லிவிடுவாள். அவள் விடையைப் பார்த்துத்தான் நான் என்னுடையதைத் திருத்திக்கொள்வேன்.

என் அப்பா பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் வீடு திரும்பும்போதே வாசலில் யாராவது காத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் சர்க்கார் காகிதம், கம்பெனிக் காகிதம் எதுவானாலும் இங்கிலீஷில்தான் வரும். அப்பா வேட்டிக்கு மாறாமல் அதே பேன்ட் சட்டையோடு முன்னறையில் உட்கார்ந்து, பெரிய இங்கிலீஷ் தமிழ் அகராதியை எடுத்து வைத்துக்கொள்வார். அம்மா அதற்குக் காக்கித் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தாள். அகராதியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை வரும். அப்பா சொல்லைக் கண்டுபிடித்து, விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவருக்குப் புரியும்படி ஒரு வரியில் சொல்லுவார். அது அவருக்கு நன்றாக வரும். பிரீமியம் என்றால் நாம் கட்டும் தவணை. அடமானம் வைத்தால் பொருள் அவனிடம் போகும், ஹைப்பாதிகேஷன் என்றால் பொருள் நம்மிடமே இருக்கும், உரிமை மட்டும் அவனிடம் போகும். இப்படித்தான் சொல்லுவார். யாரிடமும் ஒரு காசு வாங்கமாட்டார். அந்த உபகாரத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

லாரிக்காரர் பாலிசி எடுத்ததும் அந்த முன்னறையில்தான். நான் ரொம்பச் சின்னப் பெண், அரைகுறையாகத்தான் ஞாபகம். ஸ்கூட்டரில் வந்த ஏஜெண்டு தலையில் கொட்டி வைத்த எண்ணெய் நெற்றியில் மின்னியது. தவறாமல் கட்டிக்கொண்டு வந்தால், இருந்தால் உங்களுக்கு, இல்லையென்றால் வீட்டுக்காரம்மாவுக்கு என்று அவர் சொல்ல, லாரிக்காரர் சிரித்துக்கொண்டே, எப்படியும் யாருக்காவது வரும் இல்லையா என்று கேட்டாராம். அந்தச் சிரிப்பை அம்மா பல தடவை சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு ஏஜெண்டு தவணைக்குத் தவணை வந்து பணத்தை வாங்கிக்கொண்டு போவார். வருஷக் கணக்கில் அது நின்றதேயில்லை.

நான் சொல்லும் வருஷத்தின் கோடையில் லாரிக்காரருக்குக் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். மோரும் பத்தியச் சோறும் ஆனது. தேறுவதுபோல இருந்து மறுபடியும் விழுந்தார். லாரியை வேறு ஆள் ஓட்ட எடுத்துக்கொண்டு போனான். பின்கட்டு அறையில் அவர் பாயில் படுத்திருப்பதை நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். கல்தூசி இல்லாத அவர் முகம் எனக்கு அடையாளம் தெரியாத முகமாக இருந்தது. ஏஜெண்டும் வருவதை நிறுத்திவிட்டார். வந்தாலும் கொடுக்க அந்த வீட்டில் அப்போது எதுவும் இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து எங்கள் தெருவுக்கு வந்தது. ஈசல் சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு காலையில் லாரிக்காரர் இறந்துபோனார். முழங்கால் தண்ணீரில் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என் தோழி அழவில்லை. எங்கள் முன்னறையில் உட்கார்ந்து, அந்தக் குண்டுகளை ஒரு டம்ளரில் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமல் அம்மா டம்ளரை வாங்கி வைத்தாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அத்தை மார்க்கெட்டுப் பக்கம் போயிருந்தபோது, ரயில்வே கேட் மூடியிருந்த நேரத்தில் ஏஜெண்டைப் பார்த்திருக்கிறார். ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு கேட் திறக்கக் காத்திருந்தாராம். பாலிசியைப் பற்றி அத்தை கேட்டதற்கு, அது லேப்ஸ் ஆயிடுச்சேம்மா என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதற்குள் கேட் திறந்துவிட்டது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடிக்க, அவர் வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு உண்மையிலேயே அவசரமோ, அலுப்போ, தவணை நின்றபோது எச்சரிக்காமல் விட்டோமே என்ற பயமோ, எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை முன்னறைக்கு வந்தார். கையில் காகிதம் எதுவும் இல்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் மறந்துவிடாமல் மனதில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

“சார், லேப்ஸுன்னா இன்னா சார்?”

அப்பா காரணம் கேட்டார். அத்தை சொன்னார். அப்பா அகராதியைத் திறந்து, விரலை வைத்து, கொஞ்ச நேரம் படித்தார். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

“காலாவதி ஆயிடுச்சுன்னு அர்த்தம்மா. கட்டாம விட்டதால செத்துப்போச்சு. அதுலேர்ந்து இனிமே ஒண்ணும் வராது.”

“இத்தினி வருசம் கட்னாரே சார். அதுவுமா?”

“அதுவும்தாம்மா.”

அத்தை தலையாட்டினார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து பின்கட்டுக்குப் போனார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து, எதற்கும் ஆபீசிலேயே ஒரு தடவை நேரில் கேட்டுவிட்டு வரச் சொல்லலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஆபீஸ் மவுண்ட் ரோடு பக்கம் இருந்தது. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்துகொள்ள அந்தப் பெண் மழையில் ரயிலேறிப் பட்டணத்துக்குப் போக வேண்டுமா, அகராதியில் தெளிவாகப் போட்டிருக்கிறதே என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் துளி அலட்சியம் இல்லை. அந்தப் பெண்ணை அலைக்கழிக்கக் கூடாது என்றுதான் நினைத்தார். அதை நான் சத்தியமாக நம்புகிறேன். நம்புவதால் மனசு லேசாகிவிடுவதில்லை.

அதற்குப் பிறகு லாரிக்காரரின் அண்ணன் அடிக்கடி பின்கட்டுக்கு வரத் தொடங்கினார். எனக்கும் தோழிக்கும் பிஸ்கட் பொட்டலம் வாங்கி வருவார். நல்லவர் என்றே நாங்கள் நினைத்தோம். கெட்டவர் என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தம்பி பாகத்தைத் தனியாகப் பிரித்தால் யாருக்கும் உபயோகமில்லாமல் துண்டு துண்டாகிவிடும், நான் ஒரு தொகை கொடுத்துவிடுகிறேன், நீ உன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டோடு போய் இருந்துகொண்டு குழந்தையை வளர்த்துக்கொள் என்பது அவர் பேச்சு. அந்தத் தொகை அன்றைய மனை விலைக்கே குறைவு என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனால் அத்தைக்கு அடுத்த மாதத்து அரிசிக்கு வழி இல்லை. பேரம் பேசுகிறவருக்குக் காத்திருக்க முடியவேண்டும். காத்திருக்க அவரிடம் என்ன இருந்தது? பாலிசி இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தவரை ஒரு மாதிரி நிமிர்ந்திருந்தார். அது செத்துப்போனது என்று தெரிந்த பிறகு சரி சரி என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அதற்கு எழுதும் பத்திரத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். நீங்களெல்லாம் சொத்து பாகப்பிரிவினையில் அந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். இந்தச் சொத்தில் எனக்குள்ள உரிமையை நான் விட்டுவிட்டேன், இனி எனக்கும் என் சந்ததிக்கும் இதில் பேச்சில்லை என்று எழுதிக் கொடுப்பது. மகள் மைனர் என்பதால் அவள் பங்குக்கும் சேர்த்துக் கார்டியனாக அத்தையே கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். மைனர் பங்கை அப்படி விட்டுக்கொடுக்கக் கோர்ட்டு அனுமதி வேண்டும் என்பதையும் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

எனக்கு அந்தச் சொல் வேறு விதமாகக் காதில் விழுந்தது. விடுதலை என்பது எங்கள் வீட்டு ஜெபத்தில் தினமும் வரும் சொல். வியாதியிலிருந்து விடுதலை, பயத்திலிருந்து விடுதலை. பெரியவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு நான் பின்கட்டுக்கு ஓடி, உங்க அம்மாவுக்கு விடுதலை கிடைக்கப்போகிறதாம் என்று தோழியிடம் சொன்னேன். அவள் முகம் எவ்வளவு நாளைக்குப் பிறகோ மலர்ந்தது. அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க நாங்கள் ஈரமணலில் விளையாடினோம். அவள் கோலி ஆட்டத்தில் வேண்டுமென்றே என்னை ஜெயிக்க விட்டாள்.

பத்திரம் பதிவான அன்றைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட அப்பாவைக் கூப்பிட்டார்கள். தெருவில் மரியாதைப்பட்ட ஆள் அவர்தானே. சாட்சி என்றால் இவர் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தேன் என்பது மட்டும்தான், பொறுப்பு எதுவும் கிடையாது என்று அம்மாவிடம் விளக்கிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பாவம், எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கையெழுத்துப் போட்டது அந்தப் பெண் என்று மட்டும் சொன்னார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவர்கள் கிளம்பினார்கள். எங்கள் வாசலில் காகித நட்சத்திரம் கட்டியிருந்தோம். வீட்டுக்குள் அச்சு முறுக்கும் கலகலாவும் பொரித்த எண்ணெய் வாசனை. அம்மா ஒரு பழைய பிஸ்கட் டின்னில் கலகலாவை நிரப்பி அத்தையிடம் கொடுத்தாள். தெருப் பெண்கள் தங்களுக்குள், அந்தம்மாவுக்கு அண்ணன் வீட்டுத் தைரியம், புருஷனுடைய அண்ணனோடு அனுசரித்துப் போகத் தெரியவில்லை என்று பேசிக்கொண்டார்கள். அப்பாவோ, நாலு சுவருக்குள் சண்டை போடாமல் கௌரவமாகப் பிரிந்தார்கள் என்று பாராட்டினார். எல்லோரும் ஏதோ ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தோம். தோழி ஒரு டிரங்குப் பெட்டியின் ஒரு பக்கத்துப் பிடியைப் பிடித்துக்கொண்டு, அம்மாவோடு ஸ்டேஷனை நோக்கி நடந்தாள். செங்கல்பட்டு வண்டியில் பொத்தேரிக்குப் போகிறோம் என்று சொன்னாள். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஜனவரியில் வகுப்பில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது பதில் இல்லை. அதற்கடுத்த மாதம் பெயரையே அடித்துவிட்டார்கள்.

நான் கல்லூரி முடித்துப் பரீட்சை எழுதி இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில் பட்டணத்தில் பயிற்சி வகுப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் கண் சொருகும் நேரத்தில், பயிற்சி கொடுத்த அதிகாரி கரும்பலகையில் பெய்ட்-அப் என்று எழுதினார். குறிப்பிட்ட சில வருஷங்கள் தவணை கட்டிவிட்டு ஒருவர் நிறுத்திவிட்டால், அந்தப் பாலிசி சாகாது, சுருங்கிக்கொள்ளும் என்றார். முதலில் பேசிய முழுத்தொகை கிடைக்காது. கட்டிய அளவுக்கு ஏற்ற சிறிய தொகை நிற்கும். முதிர்ந்தாலோ, இடையில் ஆள் இறந்தாலோ அது வரும்.

நான் எப்போதும் இதை வீடு கட்டுகிற கதையாகச் சொல்லுவேன். மாடிவீடு கட்ட ஆரம்பித்து, கீழ்ப்பகுதி முடிந்ததும் பணம் நின்றுபோனால் மாடி வராது. ஆனால் கீழே கட்டிய அறை உங்களுடையதுதான். அதை யாரும் இடித்துவிட்டுப் போவதில்லை. அஸ்திவாரம்கூட முடியாமல் நிறுத்தினால்தான் ஒன்றுமில்லாமல் போகும். ஆபீஸ் பேச்சில் இரண்டையும் லேப்ஸ் என்றே சொல்லிவிடுவார்கள். அங்கேதான் ஆபத்து.

நான் எழுந்து, பல வருஷம் ஒழுங்காகக் கட்டியவர் நோயில் விழுந்து கொஞ்ச காலம் கட்டாமல் விட்டு இறந்துபோனால் என்று கேட்டேன். மனைவிக்குச் சுருங்கிய தொகை போகும் என்றார் அதிகாரி. எனக்குத் தெரிந்தவர்கள் யாராவதா என்று விசாரித்தார். இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு மின்சார ரயிலில் தாம்பரம் வரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்க முடியவில்லை.

முதலில் அம்மாவிடம் சொன்னேன். அப்பா ரிடையர் ஆகி, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது, அவர் தாங்கமாட்டார் என்று அம்மா தடுத்தாள். சில நாள் பேசாமல் இருந்தேன். ஆனால் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் முன்னறையில் உட்கார்ந்து யார் யாருக்கோ அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் சொல்லிவிட்டேன்.

அப்பா மறுத்துப் பேசவில்லை. எழுந்து போய் அகராதியை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார்.

“இதுல சரியாத்தாம்மா போட்டிருக்கு” என்றார். குரல் ஒரு பையனுடையதைப் போல இருந்தது.

அடுத்த நாள் காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பொத்தேரிக்குப் போகலாம், நீயும் வா என்றார்.

அங்கே கல்லூரி வந்த புதிது. ரோட்டோரமாக மாணவர்களுக்கு வாடகை அறைகள் எழும்பிக்கொண்டிருந்தன. டீக்கடையில் தாம்பரத்திலிருந்து வந்த லாரிக்காரர் மனைவி என்று சொல்லி விசாரித்தோம். தகரக் கொட்டகை ஒன்றைக் காட்டினார்கள். இட்லிக் குண்டானின் ஆவிக்குப் பின்னால் அத்தை நின்றிருந்தார். முடி பாதி நரைத்திருந்தது. மாணவர்கள் தட்டோடு சுற்றி நின்றார்கள். அப்பாவைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வாங்க சார் என்று பெஞ்சைத் துடைத்துப் போட்டார். அப்பா உட்காரவில்லை. தட்டோடு நின்ற பையன்கள் கேட்டுக்கொண்டிருக்க, அங்கேயே நின்றபடி சொன்னார்.

“அம்மா, அன்னிக்கு நான் உங்களுக்குத் தப்பா அர்த்தம் சொல்லிட்டேன். அந்தப் பாலிசி சாகலை.”

அத்தைக்கு முதலில் எந்தப் பாலிசி என்றே புரியவில்லை. நான் விளக்கினேன். கேட்டுக்கொண்டே அவர் ஈடு இறக்கி, தட்டில் துணியைப் போட்டு இட்லியைக் கவிழ்த்தார், சாம்பார் ஊற்றினார். கடைசிப் பையனையும் சாப்பிட வைத்து அனுப்பினார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

“நீங்க சொன்னீங்கன்னுதான் சார் நான் கையெழுத்துப் போட்டேன். பாலிசி கீதுன்னு தெரிஞ்சிருந்தா, ஒரு வருசம் எப்படியாவது தள்ளியிருப்பேன். பாகத்தைக் கேட்டு வாங்கியிருப்பேன். பொண்ணு படிச்சிருக்கும்.”

அப்பா தெரியும்மா என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ரயிலில் எவ்வளவோ யோசித்து வந்திருப்பார். அது வாயில் வரவில்லை. அத்தையும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. யாராவது அப்படிச் சொல்லிவிட்டால் தேவலை என்று நான் தவித்தேன்.

மகளை எட்டாவதோடு நிறுத்திவிட்டார்களாம். அண்ணன் வீட்டில் பிள்ளைகள் அதிகம். நில விஷயத்தில் வாங்கிய தொகை அங்கேயே ஒவ்வொரு செலவாகக் கரைந்துபோனது. அவள் இப்போது தாம்பரம் சானடோரியத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள், விடியற்காலை வண்டிக்குப் போனால் இருட்டித்தான் வருவாள் என்றார். நான் தினமும் அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

பாலிசிப் பத்திரம் இருக்கிறதா என்று தயங்கிக்கொண்டே கேட்டேன். உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். கணவருடைய டிரைவிங் லைசென்சோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். காசுக்காக வைத்துக்கொள்ளவில்லை, இந்த இரண்டையும் விட்டால் அவர் பெயர் போட்ட காகிதம் வேறு எதுவும் வீட்டில் இல்லை, அதனால் வைத்திருந்தேன் என்றார்.

ஆபீசில் தாமதத்துக்குக் காரணம் கேட்டார்கள். தகுந்த விளக்கம் இருந்தால் பழைய கோரிக்கையையும் பரிசீலிக்கலாம் என்று விதி இருந்தது. விளக்கத்தை அப்பாவே இங்கிலீஷில் எழுதினார். நான் பார்த்ததிலேயே அவர் அதிகமாக அடித்து அடித்துத் திருத்திய கடிதம் அதுதான். தன்னுடைய தவறான விளக்கத்தினால் என்று தன் பெயரோடு எழுதிக் கையெழுத்திட்டார். ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தக் கடிதத்தோடு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னறையில் உட்காருவதை விட்டுவிட்டார். காகிதத்தோடு வருகிறவர்களிடம், அனுப்பிய ஆபீசிலேயே கேளுங்கள், ஒருத்தர் சொன்னது போதாது என்றால் இன்னொருத்தரைக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். சிலர் கோபித்துக்கொண்டார்கள். வாத்தியாருக்குப் பென்ஷன் வந்ததும் தலைக்கனம் என்றார்கள்.

பணம் வரவிருந்த அன்று அத்தையும் என் தோழியும் ஆபீசுக்கு வந்தார்கள். தோழி கம்பெனியில் லீவு சொல்லியிருந்தாள். மெலிந்து, உயரமாக, விரல் நுனியில் ஊசி குத்திய தழும்புகளோடு நின்றாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

“நல்லா இருக்கீங்களா மேடம்?” என்றாள்.

என்னைப் போய் மேடம் என்கிறாயே என்றதற்கு, பழக்கம் மேடம், கம்பெனியில் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம் என்று சிரித்தாள். கிண்டல் இல்லை. அதுதான் எனக்கு வலித்தது. நான் என் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டேன். அவள் அம்மாவை உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டாள்.

அப்பாவும் வந்திருந்தார். வர வேண்டிய அவசியம் இல்லை. சொல்லாமல் அடுத்த வண்டியில் ஏறி வந்து, தூண் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். டிஸ்சார்ஜ் வவுச்சர் என்று பெயர். என் தோழி தாளை வாங்கித் தொகையைப் பார்த்ததுமே அது தன் எத்தனை மாதச் சம்பளம் என்று வாய்க்குள் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டாள். கணக்கு அவளை விட்டுப் போயிருக்கவில்லை. பிறகு இங்கிலீஷ் வரிகளைப் பார்த்துவிட்டு, தாளை அம்மாவிடம் கொடுத்தாள். அத்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தூண் பக்கம் திரும்பவில்லை. என்னைத்தான் கேட்டார்.

“இதுல இன்னா போட்டுக்கீது, நீயே சொல்லு.”

நான் அவசரப்படாமல் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். கணவர் பெயர், பாலிசி எடுத்த விவரம், தொகை. பிறகு கடைசி வரிக்கு வந்தேன். எனக்குச் சேர வேண்டியது முழுவதும் வந்துவிட்டது, இந்த விஷயத்தில் இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை, இதோடு தீர்ந்தது என்று அர்த்தம் அத்தை என்றேன்.

“முழுசா வந்துடுச்சு, பாக்கி ஒண்ணும் இல்லைன்னு நான் எழுதித் தரணும்?”

“ஆமா அத்தை.”

“தரலைன்னா?”

“பணம் கொடுக்க மாட்டாங்க.”

அத்தை பக்கத்தில் நின்ற மகளை நிமிர்ந்து பார்த்தார். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரைநாளில் வேலைக்குத் திரும்பினால் பாதிச் சம்பளமாவது மிஞ்சும் என்று வரும்போதே சொல்லியிருந்தாள். அத்தை பிறகு முதல் தடவையாகத் தூண் ஓரத்தில் நின்ற என் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனியாமல், அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு நின்றார்.

அத்தை பேனாவை எடுத்தார். எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கையெழுத்துப் போடத் தொடங்கினார். அவர் கடைசி எழுத்தை முடிப்பதற்குள் அப்பா வெளியே போய்விட்டார்.